எஃப்ஓவி 110: எந்தத் திரைக்கு, எத்தனை அடி தூரத்துக்கு?

ஷூட்டர் கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் எஃப்ஓவி (ஃபீல்ட் ஆஃப் வியூ, காட்சிக் கோணம்) பேச்சு வராமல் இருக்காது. யூடியூபில் யாரோ 110 வைத்து ஆடுகிறார், அதனால் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் எல்லோருக்கும் 110. அவர் முன்னால் இருப்பது 27 இன்ச் மானிட்டர். இங்கே பல வீடுகளில் 15.6 இன்ச் லேப்டாப், அதுவும் கட்டில் மேல், கம்பளிக்கு நடுவே. அவருக்குப் பொருந்துகிற எண் இங்கே பொருந்த வேண்டிய அவசியமே இல்லை.

எத்தனை டிகிரி அகலத்துக்கு உலகத்தைத் திரைக்குள் அடைக்கிறோம் என்பதுதான் எஃப்ஓவி. குன்னூர் டால்ஃபின்ஸ் நோஸில் நின்று எதிர்ப்பக்கம் கேத்தரின் அருவியைப் போனில் எடுத்துப் பாருங்கள். 1எக்ஸில் சுமார் 70 டிகிரி. 0.5எக்ஸ் போட்டால் பல போன்களில் 105-க்கு மேல் போய்விடும். பள்ளத்தாக்கு மொத்தமும் படத்துக்குள் வந்துவிடும், அருவியோ பாதியாகச் சுருங்கிவிடும். கேமில் அந்த அருவியின் இடத்தில் எதிரியின் தலை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்குப் போடலாம். 1080பி திரை (1920-க்கு 1080 பிக்சல்), அகலமும் உயரமும் 16:9, 50 மீட்டர் தள்ளி 1.8 மீட்டர் உயர ஆள் நிற்கிறான். கிடைமட்ட எஃப்ஓவி 80 என்றால் அவன் உயரம் திரையில் சுமார் 41 பிக்சல். 90-ல் 35. 103-ல் 27. 110-ல் 24. 120-ல் வெறும் 20. அதே ஆள் 100 மீட்டரில் நின்றால் இதெல்லாம் பாதி. 120 வைத்துக்கொண்டு 'தூரத்தில் ஆளே தெரியவில்லை' என்று மானிட்டரைத் திட்டிப் பயனில்லை.

ஓரங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். தட்டையான திரையில் அகலக் கோணத்தை விரிப்பதால், ஓரத்துக்குப் போகப் போகப் படம் பக்கவாட்டில் இழுபடும். 90 டிகிரியில் விளிம்பில் இருப்பது நடுவில் இருப்பதைவிட இரண்டு மடங்கு இழுபடும். 120-ல் நான்கு மடங்கு. அதனால்தான் திரும்பும்போது ஓரத்துத் தூண் குண்டாகிப் பறந்து வருகிறது, நடுவுக்கு வந்ததும் ஒல்லியாகி மெதுவாகிறது. கண் ஓரத்து வேகத்தை நம்பி மௌஸை நிறுத்தினால் குறி தப்பும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது எண்ணை ஒரு கேமிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போடும்போது. எல்லா கேமும் ஒரே கோணத்தை அளப்பதில்லை. வேலரண்ட் கிடைமட்டக் கோணம், 103-ல் பூட்டப்பட்டது, மாற்றவே முடியாது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல் ஆன்லைனில் ஆடும்போது 90-தான், ஆனால் அது 4:3 திரைக்கான 90. உங்கள் 16:9 திரையில் அது 106 ஆகிறது. ரெயின்போ சிக்ஸ் சீஜ் செங்குத்துக் கோணத்தைக் காட்டுகிறது, 60 முதல் 90 வரை. அங்கே 60 என்பது 16:9-ல் கிட்டத்தட்ட 91 கிடைமட்டம், 90 என்பது 121. சீஜில் ஸ்லைடரை 90-க்கு இழுத்துவிட்டு 'நடுத்தரமாக வைத்திருக்கிறேன்' என்பவர் உண்மையில் உச்சத்தில் இருக்கிறார்.

மாற்றும் வழி சுலபம், போன் கால்குலேட்டர் போதும். செங்குத்துக் கோணத்தில் பாதியை எடுத்து டேன் போடுங்கள், 1.778-ஆல் பெருக்குங்கள், தலைகீழ் டேன் (tan⁻¹) போட்டு இரண்டால் பெருக்குங்கள். 16:9-க்குக் கிடைமட்டக் கோணம் வந்துவிடும். கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் 90 மாதிரி 4:3 கிடைமட்டக் கோணத்திலிருந்து வருகிறீர்கள் என்றால், அதில் பாதியை எடுத்து, 1.778-க்குப் பதில் 1.333. வேலரண்டின் 103-ஐ சீஜில் வேண்டுமென்றால் 70 அல்லது 71 செங்குத்து.

இனி உட்காரும் தூரம். டேப் எடுத்துக் கண்ணிலிருந்து திரைவரை அளந்து பாருங்கள். 24 இன்ச் மானிட்டர் 53 செ.மீ. அகலம். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அது உங்கள் கண்ணில் பிடிக்கும் இடம் 48 டிகிரிதான். 27 இன்ச் அதே தூரத்தில் 53. 15.6 இன்ச் லேப்டாப் 50 செ.மீ. தூரத்தில் 38. ஹாலில் 43 இன்ச் டிவி, சோபா இரண்டரை மீட்டர் தள்ளி என்றால் 22 கூட இல்லை. அந்த 22 டிகிரிக்குள் 110-ஐத் திணித்தால் ஆட்கள் எறும்பாகிறார்கள். கன்சோல் கேம்கள் பல காலம் எஃப்ஓவியைக் குறைவாகவே வைத்திருந்ததற்கு, ஹார்டுவேரோடு இந்த சோபாவும் ஒரு காரணம்.

எங்கள் கணிப்பில் 24 அல்லது 27 இன்ச் மேஜை மானிட்டருக்கு 100-லிருந்து 105. லேப்டாப்புக்கு 90-லிருந்து 95. டிவிக்கு 80-லிருந்து 90. எல்லாம் கிடைமட்டம், எல்லாம் தொடக்க எண்தான். அங்கிருந்து ஐந்து ஐந்தாக நகர்த்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலைந்து மேட்ச் கொடுங்கள், அந்த நேரத்தில் மௌஸ் சென்சிடிவிட்டியைத் தொடாதீர்கள். எஃப்ஓவி கூடினால் மௌஸ் மந்தமானதுபோல் தோன்றும். ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு மௌஸ் நகரும் தூரம் பல கேம்களில் மாறியிருக்காது. ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்றே புரியாது.

தலைசுற்றல் தனிக் கதை. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குள் போன் பார்த்தபடி போகிறவருக்கு, காது 'திரும்புகிறோம்' என்கிறது, கண் 'சும்மா இருக்கிறோம்' என்கிறது. கேமில் இது தலைகீழ்: கண் சுழல்கிறது, உடம்பு நாற்காலியில். பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர்கள் இங்கேயும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. திரைக்கு ஒட்டி உட்கார்ந்து 60, 65 டிகிரியில் ஆடினால் ஒமட்டும், கூட்டினால் சரியாகும். அதிகம் கூட்டினால் ஓரத்து இழுவையே ஒமட்ட வைக்கும். எஃப்ஓவியைத் தொடுவதற்கு முன் வேகமாகத் திரும்பும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளரையும் நடக்கும்போது தலை ஆடும் 'ஹெட் பாப்' என்பதையும் அணைத்துவிடுங்கள், சிலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் ஜன்னலை அடைத்து, விளக்கையும் அணைத்து ஆடும் பழக்கம் வேறு. அறையில் ஒரு விளக்கு எரியட்டும். திரைக்கு வெளியே அசையாத சுவர் கண்ணில் பட்டால் மூளைக்கு ஒரு பிடிமானம்.

அகலக் கோணம் என்றால் கணினி வரைய வேண்டிய பொருளும் அதிகம். பயிற்சிக் களத்தில் ஒரே இடம், ஒரே திசை, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணைத் திறந்துவைத்து 90-லும் 110-லும் பாருங்கள். பழைய லேப்டாப்பில் விழுகிற ஃபிரேம், ஓரத்தில் கிடைத்த இருபது டிகிரியைவிடப் பெரிய நஷ்டமாக இருக்கலாம். 'ஊட்டிக் குளிரில் லேப்டாப் சூடாகாது' என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை: கம்பளிமேல் வைத்தால் அடிப்பக்கக் காற்றுத் துளை அடைபடும், வெளியே எத்தனை குளிர் இருந்தாலும் வேகம் குறையும். ஒரு பலகை போதும்.

கால் ஆஃப் டியூட்டியில் ஏடிஎஸ் (துப்பாக்கியைக் கண்ணருகே உயர்த்திக் குறிபார்ப்பது) எஃப்ஓவி என்று தனியாக ஒன்று உண்டு. 'அஃபெக்டட்' வைத்தால் குறிபார்க்கும்போதும் உங்கள் அகலக் கோணம் தொடரும், இலக்கு சிறியது, துப்பாக்கி உதறுவது கண்ணுக்குக் குறைவு. 'இன்டிபென்டன்ட்' என்றால் இலக்கு பெரிதாகும், உதறலும் பெரிதாகத் தெரியும். கிட்டத்தில் அடிக்கிறவர்களுக்கு முதலாவது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் வியூமாடல் எஃப்ஓவி, 54-லிருந்து 68 வரை, கையையும் துப்பாக்கியையும் மட்டும்தான் நகர்த்தும். உலகம் ஒரு டிகிரிகூட அகலாது.

போனில் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஆடுகிறவர்களுக்கு: டிபிபி (முதுகுக்குப் பின்னிருந்து பார்ப்பது) கேமரா 80 முதல் 90, எஃப்பிபி (ஆளின் கண் வழியாகப் பார்ப்பது) 80 முதல் 103. கண்ணிலிருந்து ஓரடி தூரத்தில் பிடித்த ஆறரை இன்ச் போன் 28 டிகிரிதான் என்பதால், டிபிபி 80-ஐ ஒட்டியே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னிருந்து பார்க்கும் கேமரா ஏற்கெனவே பக்கவாட்டைக் காட்டிவிடுகிறது. எஃப்பிபிக்கு 90 நல்ல தொடக்கம், 103 டேப்லெட்டுக்கு.

பிரவுசிங் சென்டரில் ஆடுகிறவர்கள், கேமின் பெயர், எண், அது கிடைமட்டமா செங்குத்தா, ஏடிஎஸ் எது, சென்சிடிவிட்டி எவ்வளவு என்று போன் நோட்ஸில் எழுதி வையுங்கள். உங்களுக்கு முன் அந்த இடத்தில் ஆடியவர் 120-க்கு இழுத்துவிட்டுப் போயிருப்பார்.