ஆத்தங்குடித் தரைக் கூடத்தில் ரிசீவரா, தனித்தனிக் கருவிகளா?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பக்கக் கூடத்தில் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் பொதுவாக ஓர் ஒலியமைப்பை உருவாக்கி வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றே போதுமா, ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும் ப்ரீ ஆம்ப், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் எனத் தனித்தனியாக வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு, இரண்டு வகையையும் இரவல் வாங்கி இதே கூடத்தில் ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் தெளிவு பிறந்தது.

கூடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நீளம் 24 அடி, அகலம் 14 அடி, உயரமும் 14 அடி. கீழே ஆத்தங்குடிக் கல். சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பளிங்காக இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. இரண்டுமே ஒலியை உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்புபவை. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசைகளிலும் எழும் நிலையலை (எதிரெதிர்ப் பரப்புகளுக்கு நடுவே மோதித் திரும்பித் தேங்கி நிற்கும் ஒலி) ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி அந்த இடத்தில் வீங்கிவிடுகிறது. பூச்சுக்குப் பங்கம் வரும் என்பதால் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அப்பச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அது நியாயமான கட்டளை. அந்த வேலைப்பாட்டை இன்று செய்து தர ஆள் கிடைப்பது அரிது.

முதலில் ரிசீவர். அதனுடன் வரும் மைக்கை உட்காருமிடத்தில் வைத்து அளவெடுத்ததும், 40 ஹெர்ட்ஸ் வீக்கத்தை அது கண்டுபிடித்துத் தணித்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபருக்குத் திருப்பிவிட்டதில் முன் ஸ்பீக்கர்களின் சுமையும் குறைந்தது. படத்தில் வசனம் தெளிவாகக் கேட்டது. ஆனால் காரைக்குடிப் பாணி வீணைப் பதிவு ஒன்றைச் சத்தமாக வைத்தபோது, தந்தியை மீட்டிய கணத்தின் கூர்மை மழுங்கியிருந்தது.

அடுத்து ப்ரீ ஆம்பும் இரண்டு சேனல் பவர் ஆம்பும். வீணையின் கூர்மை திரும்பி வந்தது. அதைக் கேட்டபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது. ஆனால் ரிசீவர் மைக்கால் அளந்து செய்த அறைத் திருத்தம் இதில் இல்லாததால் 40 ஹெர்ட்ஸ் வீக்கமும் கூடவே திரும்பியது. படத்துக்கென்று தனியே, ஒலியைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் ஒரு சரவுண்ட் ப்ராசஸரும் மேலும் சில ஆம்ப்களும் வாங்குவதென்றால் செலவு பன்மடங்காகும்.

வாட் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். என் ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தரும். நான் உட்காருவது 4 மீட்டரில். திறந்தவெளிக் கணக்குப்படி 12 டெசிபெல் குறைந்து 76 ஆகும். 100 வாட் கொடுத்தால் 96. அதை 200 வாட்டாக்கினாலும் கூடுவது 3 டெசிபெல்தான். எனவே பவர் ஆம்பின் சிறப்பு வெறும் வாட் எண்ணில் இல்லை. ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓமுக்கு இறங்கும் இடங்களிலும் தளராமல் மின்னோட்டம் தருவதில்தான் இருக்கிறது. ரிசீவரின் அட்டையில் அச்சிடும் வாட், பெரும்பாலும் இரண்டு சேனல்கள் மட்டும் ஓடும்போது அளந்தது என்பதையும் வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

ஆகவே வெளிப் பவர் ஆம்புக்கு ஒலியை அனுப்பும் ப்ரீ அவுட் இணைப்பு உள்ள நடுத்தர ரிசீவர் ஒன்றை வாங்கி, முன் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தனிப் பவர் ஆம்ப் கொடுத்திருக்கிறேன். எச்டிஎம்ஐ, டால்பி, அறைத் திருத்தம் எல்லாம் ரிசீவரின் பொறுப்பு. இணைத்த உடனே 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தது. ரிசீவர் ஒரு சுவர்ப் பிளக்கிலும் பவர் ஆம்ப் எதிர்ச்சுவர்ப் பிளக்கிலும் இருந்ததால் எர்த் இணைப்பில் வளையம் உண்டாகியிருந்தது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் இரைச்சல் அடங்கியது.

ஆனால் எதிரொலியை எந்தக் கருவியாலும் அடக்க முடியவில்லை. அறைத் திருத்தம் அலைகளின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும். சுவரில் பட்டு நீளும் ஒலியைச் சுருக்காது. அதனால் ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவே கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன். பின்பக்க நிலைக்கதவுக்கு முன் மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை தொங்குகிறது. வீணையின் கமகம் இப்போது ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்கிறது. ஆம்ப் மாற்றியதில் கிடைத்ததைவிட இதில் கிடைத்த மாற்றமே பெரிது என்பது என் உறுதியான கருத்து.

சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்குத் தேக்கில் தனித் தாங்கிகள் செய்யக் கொடுத்திருக்கிறேன். அவை வந்ததும் மைக்கை வைத்து மறுபடியும் அளவெடுக்க வேண்டும்.