சான்றிதழைச் சோதிக்காத மென்பொருள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்காக எழுதப்படும் மென்பொருள் ஒரே கட்டடத்துக்குள் அடங்குவதில்லை. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி போகும் இடமெல்லாம் ஜாப் ஒர்க் கணக்கும் போயாக வேண்டும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணினியில் கிளையண்ட் நிரலும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சர்வரும் இருக்கும். இணைக்கும்போது சர்வர், தான் யார் என்பதற்கு ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டும்; அது போலியாக இருந்தால் பிரவுசர் தானே தடுத்து எச்சரிக்கும். டெஸ்க்டாப் நிரலிலோ அந்தக் காவலையும் நாமேதான் உறுதிசெய்ய வேண்டும்.

இணைப்பைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் முறையைப் போட்டாயிற்று என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எதிர்முனையில் இருப்பது யார் என்று பார்க்காமல் குறியாக்கம் மட்டும் செய்தால், நடுவில் புகுந்தவனோடு மிகப் பத்திரமாகப் பேசிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். டிஎல்எஸ்ஸுக்காகப் பலர் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தில் சர்வரின் பெயரைச் சான்றிதழோடு ஒப்பிடும் வசதியே 2015இல் வந்த 1.0.2 பதிப்பில்தான் சேர்ந்தது. அதையும் நிரலர் கேட்டு வாங்கினால்தான் உண்டு. கேட்காவிட்டால், நம்பகமான அமைப்பு வேறு யாருக்கோ வழங்கிய சான்றிதழும் தேறிவிடும்.

சோதனையை அணைத்துவைக்கும் பழக்கம் பெரும்பாலும் அற்பக் காரணங்களால் வருகிறது. சாயப்பட்டறை அலுவலகத்துப் பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும்; கரண்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விட, சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று நிரல் இணைய மறுக்கும். கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் போன் வந்தால், சோதனையை நிறுத்தும் ஒற்றை வரியைச் சேர்த்து அனுப்புவதே சுலபமாகத் தெரியும். அந்த வரி பிறகு எல்லா வாடிக்கையாளர்களிடமும் நிலைத்துவிடும். என் நிரல்களில் இந்தப் பிழையைத் தனியே பிடித்து, ‘கணினியின் தேதி 01-01-2009 என்று உள்ளது, சரிசெய்யுங்கள்’ என்று தமிழிலேயே காட்டுகிறேன். கணக்குப் பார்ப்பவரே அதை முடித்துவிடுகிறார். (பேட்டரி நூறு ரூபாய்கூட ஆகாது.)

சர்வரின் சான்றிதழையே கிளையண்டுக்குள் பதித்துவைப்பவர்களும் இருக்கிறார்கள். 2029 மார்ச் 15 முதல் பிரவுசர்கள் நம்பும் பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் 47 நாட்கள்தான் என்பது முடிவாகிவிட்ட நிலையில், அவர்கள் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பல்லடத்துக்கும் அவிநாசிக்கும் ஆள் அனுப்ப வேண்டிவரலாம். நிறுவனத்தின் உள் பயன்பாட்டுக்கு நான் மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான மூலச் சான்றிதழை மட்டும் கிளையண்டோடு கொடுக்கிறேன்; சான்றிதழ்களில் கையொப்பமிடப் பயன்படும் அதன் ரகசியத் தனித் திறவுகோலை இணையம் தொடாத கணினியில் வைத்து, சர்வர் சான்றிதழ்களை அந்த மூலத்தின் கையொப்பம் பெற்ற ஓர் இடைநிலைச் சான்றிதழின்கீழ் தாமே புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைத்துவிடுகிறேன்.