டூப்ளிகேட் ரோ கேள்வி: இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களுக்கு

டேட்டா அனலிஸ்ட் இன்டர்வியூவில் என்னிடம் கேட்டது இது: "டேபிள்ல டூப்ளிகேட் ரோவை நீக்க ஒரு ஃபங்ஷன் எழுதணும். என்னென்ன பாராமீட்டர் வைப்பீங்க?" பாண்டாஸ் (டேபிள்களைக் கையாளும் பைதான் லைப்ரரி) படித்தவர்கள் உடனே அதிலுள்ள drop_duplicates ஃபங்ஷனின் சப்செட், கீப், இன்பிளேஸ், இக்னோர் இண்டெக்ஸ் என்று ஒப்பித்துவிடுவார்கள். அது போதாது. ஒவ்வொன்றும் எதற்கு என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

டூப்ளிகேட்களில் எந்த ரோவை வைத்துக்கொள்வது என்று சொல்லும் கீப்பை நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள். முன்பு அந்த இடத்தில் டேக் லாஸ்ட் என்ற ட்ரூ, ஃபால்ஸ் பாராமீட்டர்தான் இருந்தது. முதல் ரோவா, கடைசி ரோவா என்று மட்டும் சொல்லலாம். "எதுவுமே வேண்டாம், எல்லாவற்றையும் தூக்கு" என்று சொல்ல வழியில்லை. 2015இல் வந்த 0.17 பதிப்பில்தான் ஃபர்ஸ்ட், லாஸ்ட், ஃபால்ஸ் என்ற மூன்று மதிப்புகளோடு கீப் வந்தது. இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவில் ஃபால்ஸ் எதற்கு என்று எனக்கு இன்னும் உறுத்தல்தான். பாண்டாஸ் போன்ற இன்னொரு லைப்ரரியான போலார்ஸில் அதையே 'நன்' (none, எதுவும் வேண்டாம்) என்று ஸ்ட்ரிங்காக வைத்திருக்கிறார்கள், படிக்கவே புரிகிறது.

பேப்பரில் ஒரு சின்ன டேபிள் போட்டுக் காட்டுங்கள். கஸ்டமர் 101, சேலம், மார்ச். அடுத்த ரோ 101, ஈரோடு, ஜூன். மூன்றாவது 102, கரூர், மே. சப்செட், அதாவது ஒப்பிட வேண்டிய நெடுவரிசை, கஸ்டமர் எண் என்றால், ஃபர்ஸ்ட் கொடுத்தால் சேலம் தங்கும். லாஸ்ட் கொடுத்தால் ஈரோடு. ஃபால்ஸ் கொடுத்தால் 102 மட்டுமே மிஞ்சும். லாஸ்ட் என்பது டேபிளில் கடைசியாக இருப்பது, தேதியில் கடைசி அல்ல. புதிய முகவரி வேண்டுமென்றால் முதலில் தேதிவாரியாக சார்ட் செய்ய வேண்டும். இதை நான் சொன்னதும்தான் எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

சப்செட் கொடுக்காவிட்டால் எல்லா நெடுவரிசைகளையும் ஒப்பிடும். வரிசை எண் நெடுவரிசை ஒன்று இருந்தால் போச்சு, எந்த ரோவும் டூப்ளிகேட் ஆகாது. காலி மதிப்பு பற்றியும் கேட்கலாம்: இரண்டு காலியை பாண்டாஸ் இங்கே ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

இருக்கும் டேபிளையே மாற்றும் இன்பிளேஸை நான் வைக்கவே மாட்டேன் என்றேன். ட்ரூ கொடுத்தால் ஃபங்ஷன் டேபிளுக்குப் பதில் வெறும் None திருப்பும், அதற்குமேல் எதையும் கோர்த்து எழுத முடியாது. இக்னோர் இண்டெக்ஸ், மிஞ்சும் ரோக்களுக்கு 0இலிருந்து புதிதாக எண் போட, 2020இல் 1.0 பதிப்பில் வந்த வசதி, அதை ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

பாண்டாஸ் 2.0இலிருந்து சப்செட் தவிர மற்றதையெல்லாம் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதும் ஃபங்ஷனிலும் அதே கட்டாயம் வர, சப்செட்டுக்கு அடுத்து ஒரு நட்சத்திரக் குறி (*) போட்டுவையுங்கள். ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள்.