சிலி: 61-ம் 32-ம் சமமான கதை

ராணுவ ஆட்சி போனது என்றதும் தெருவில் திரண்ட கூட்டம்தான் நினைவுக்கு வரும். சிலியிலும் கூட்டம் திரண்டது. ஆனால் ஆட்சி கைமாறியது, ராணுவ ஆட்சியாளர் பினோசே தன் வசதிக்காக எழுதிக்கொண்ட 1980 அரசியல் சட்டத்தின் வழியாகவே. எட்டாண்டு கழித்து முப்படைத் தளபதிகளும் காவல்படைத் தலைவரும் ஒரே ஒரு வேட்பாளரை நிறுத்துவார்கள்; மக்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். இதுதான் அதிலிருந்த ஏற்பாடு.

அந்தச் சட்டத்துக்கே 1980-ல் வாக்கெடுப்பு நடந்தபோது வாக்காளர் பட்டியல் கிடையாது. 1973 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பழைய பட்டியலை எரித்துவிட்டார்கள். பட்டியல் இல்லாமல் நடந்த வாக்கெடுப்பின் முடிவை எதை வைத்துச் சரிபார்ப்பது? அடுத்த வாக்கெடுப்பைத் தேர்தல் நடுவர் மன்றம்தான் மேற்பார்வையிட வேண்டும் என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்னது அந்த ஆட்சியே அமைத்த அரசியல் சட்ட நீதிமன்றம்! புதிய பட்டியலுக்கான பதிவு 1987 பிப்ரவரியில் தொடங்கியது. பேர் பதிந்தால் பினோசேயின் சட்டத்தையே ஏற்றதாகிவிடுமே என்று இடதுசாரிகள் பலர் தயங்கினார்கள். நியாயமான தயக்கம்தான். ஆனாலும் கடைசியில் 74 லட்சம் பேருக்கு மேல் பதிந்தார்கள்.

பினோசேயே வேட்பாளராக நின்ற வாக்கெடுப்பு நடந்த 1988 அக்டோபர் 5 இரவு எதிர்த்தரப்பைக் காப்பாற்றியது தனி எண்ணிக்கை. வாக்குச்சாவடி மேசைகளில் உட்கார்ந்திருந்த அவர்களின் ஏஜென்ட்டுகள் முடிவைக் குறித்து அனுப்ப, மையத்தில் கம்ப்யூட்டரில் கூட்டினார்கள். அரசு முதலில் அறிவித்தது ‘ஆம்’ முந்துவதாகக் காட்டிய சில மேசைகளை மட்டும், பிறகு இழுத்தடித்தது. கையில் சொந்தக் கணக்கு இல்லாதிருந்தால் அந்த இடைவெளியில் எதுவும் நடந்திருக்கலாம். நள்ளிரவு வாக்கில் அதிபர் மாளிகைக்கு வந்த விமானப்படைத் தளபதி மத்தேய், ‘இல்லை’ ஜெயித்துவிட்டதாகவே தனக்குத் தெரிகிறது என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். பினோசே கேட்ட கூடுதல் அதிகாரத்துக்கு மற்ற தளபதிகள் இசையவில்லை. ‘இல்லை’ 56 சதவீதம், ‘ஆம்’ 44.

ராணுவ ஆட்சிக்கும் எதிர்த்தரப்புக்கும் நிஜமான பேரம் நடந்தது அதற்குப் பிறகுதான். 1989 ஜூலையில் அரசியல் சட்டத்தில் 54 திருத்தங்கள் நிறைவேறின. தேர்ந்தெடுக்கப்படும் செனட்டர்கள் 26-லிருந்து 38 ஆனார்கள். ஆனால் 9 நியமன செனட்டர்கள் தொடர்ந்தார்கள். தேர்தல் முறையும் அசையவில்லை. அந்த முறை இப்படி: தொகுதிக்கு 2 இடம், கூட்டணிக்கு 2 வேட்பாளர். இரண்டையும் அள்ள வேண்டுமானால் முதல் கூட்டணி அடுத்ததைப் போல இரண்டு மடங்கு ஓட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் ஆளுக்கொன்று.

1989 டிசம்பரில் சாண்டியாகோ மேற்கு செனட் தொகுதியைப் பாருங்கள். ‘இல்லை’ தரப்பின் ஜனநாயகக் கூட்டணியில் சால்திவார் 31 சதவீதம், ரிக்கார்தோ லாகோஸ் 30 சதவீதத்துக்கு மேல். வலதுசாரி ஹைமே குஸ்மான் வெறும் 17. கூட்டணிவாரியாகக் கூட்டினால் 61-க்கு மேல் ஒரு பக்கம், 32-க்கு மேல் மறுபக்கம். இரண்டு மடங்குக்கு 65 வேண்டும். லாகோஸ் வீட்டுக்கு, குஸ்மான் செனட்டுக்கு. 1980 சட்டத்தை வடித்தவர்களில் முக்கியமானவர் இதே குஸ்மான்!

அதே தேர்தலில் ஜனநாயகக் கூட்டணியின் ஐல்வின் 55 சதவீதம் வாங்கி அதிபரானார். செனட்டில் அவர் கூட்டணிக்குக் கிடைத்தது 22 இடம். நியமனக்காரர்களையும் சேர்த்தால் மொத்தம் 47. ஆக, பெரும்பான்மை இல்லை. தளபதிகளை நீக்கும் அதிகாரமும் அதிபருக்கு இல்லாததால், பினோசே 1998 மார்ச் வரை தரைப்படைத் தளபதியாகவே நீடித்தார்.

இந்தப் பேரமே தவறு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பாக்கி முழுக்க ராணுவத்தின் கையில் இருக்கும்போது அதற்கு மேல் கறந்திருக்க முடியாது. மியான்மர் ராணுவம் 2008 சட்டத்தில் நாடாளுமன்ற இடங்களில் கால்வாசியைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டது. முக்கியத் திருத்தங்களுக்கோ 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். சிலியின் பூட்டு அவ்வளவு இறுக்கமில்லை.

2005-ல் நியமன செனட்டர்கள் ஒழிந்தார்கள், தளபதிகளை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு வந்தது. அப்போது அதிபர் லாகோஸ். இரட்டை இடத் தேர்தல் முறை 2015 வரை நின்றது. அரசுச் சுரங்க நிறுவனத்தின் தாமிர ஏற்றுமதி வருவாயில் 10 சதவீதத்தை ராணுவத் தளவாடங்களுக்கு ஒதுக்கிய சட்டத்தை 2019-ல்தான் ரத்து செய்ய முடிந்தது.