மெத்தையை நம்பாத இருக்கை

வீட்டில் விமானம் கட்டுபவர்கள் இருவர் சந்தித்தால் எஞ்சின், புரொப்பல்லர், கருவிப் பலகை என்று பேச்சு நீளுமே தவிர, இருக்கையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சிறகும் உடலும் முடிந்து, பெயின்டும் அடித்த பிறகு, கையில் மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏற்றபடி நான்கு அங்குல ஃபோமை வெட்டித் துணி போர்த்தினால் இருக்கை தயார் என்பதே பொதுவான மனப்போக்கு. என்னுடைய இரண்டு இருக்கை அலுமினிய விமானத்தை அமெரிக்காவில், சொந்தமாகக் கட்டியது என்ற பரிசோதனைப் பிரிவின் கீழ் கட்டி வருகிறேன். அந்தப் பிரிவில் இருக்கைக்கென்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. எந்த வலிமைச் சோதனையையும் கட்டாயமாக்கவில்லை. கட்டுபவர் தன் விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்பதால்தான், எவ்வளவு வலிமை போதும் என்ற கேள்விக்கான பதிலையும் அவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் அந்தப் பதிலைத் தொழிற்சாலை விமானங்களுக்கான விதிகளிலிருந்து எடுத்துக்கொண்டேன். 2017இல் திருத்தி எழுதப்படுவதற்கு முன்பிருந்த, சிறிய விமானங்களுக்கான எஃப்.ஏ.ஏ.வின் பகுதி 23 விதிகள், எண்களை நேரடியாகச் சொல்லும் விதத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவியானவை. அவற்றின்படி, அவசரத் தரையிறக்கத்தில் அமர்ந்திருப்பவரை முன்புறமாக 9 ஜி (புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு), மேல்நோக்கி 3 ஜி, பக்கவாட்டில் 1.5 ஜி வரையிலான விசைக்கு இருக்கையும் பெல்ட்டும் பிடித்துவைத்திருக்க வேண்டும். ஆளின் எடை 215 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 97.5 கிலோ என்று கொள்ள வேண்டும். அந்த எடையை 9 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 880 கிலோ வருகிறது. பெல்ட்டும் இருக்கையும் விமான உடலோடு இணையும் இடங்களுக்கு மேலும் 1.33 மடங்கு கூட்ட வேண்டும் என்பதால், கணக்கு 1,170 கிலோவில் போய் நிற்கிறது. 1988இல் சேர்க்கப்பட்ட விதி இன்னும் கடுமையானது: பொம்மை மனிதனை அமர்த்தி, முன் வரிசை இருக்கையை நொடிக்கு 42 அடி வேகத்திலிருந்து 26 ஜி உச்சத்தோடு நிறுத்தும் ஒரு சோதனையும், மூக்கு 60 டிகிரி மேல்நோக்கிய நிலையில் நொடிக்கு 31 அடி வேகத்திலிருந்து 19 ஜி உச்சத்தோடு நிறுத்தும் இன்னொரு சோதனையும் அதில் உண்டு. இரண்டாவது சோதனை முதுகெலும்புக்கானது. இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளில் விழும் அழுத்தம் 1,500 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அப்படியொரு சோதனையை வீட்டுக் கராஜில் செய்ய முடியாது. ஆனால் அந்த எண்கள் எதை நோக்கி நம்மைத் தள்ளுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால், இருக்கையின் ஒவ்வொரு பாகத்தையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவோம்.

முதலில் உட்காரும் தட்டு. அதே விதிகளில் சாதாரணப் பிரிவு விமானத்தின் வரம்புச் சுமை, அதாவது பறக்கும்போது எதிர்பார்க்கும் உச்சச் சுமை, 3.8 ஜி, அதோடு 1.5 பாதுகாப்புக் காரணியைப் பெருக்கினால் 5.7 ஜி. எனவே 97.5 கிலோ ஆளுக்கு அந்தத் தட்டு உடையாமல் தாங்க வேண்டியது சுமார் 556 கிலோ. 0.032 அங்குலத் தடிமனுள்ள 6061-டி6 அலுமினியத் தகட்டை விளிம்புகளில் மடித்து, அடியில் ரிப் என்ற குறுக்குத் தாங்கிகளைக் கொடுத்து ரிவெட் அடித்தால் இந்தச் சுமை பெரிய விஷயமல்ல. 2024-டி3 என்ற இன்னொரு அலுமினியக் கலவை இதைவிட வலிமையானதுதான், ஆனால் மடிப்பு ஆரம் சற்றுக் குறைந்தாலும் வெளிப்புறத்தில் முடி போன்ற விரிசல் கண்டுவிடும் என்பதால், நிறைய மடிப்புகள் கொண்ட இருக்கைக்கு 6061ஐயே நான் விரும்புகிறேன். தட்டை விமானத்தில் பொருத்துவதற்கு முன், அதே தாங்குபுள்ளிகளைக் கொண்ட ஒரு மரச் சட்டத்தில் வைத்து, 25 கிலோ மணல் மூட்டைகள் 15ஐ ஒவ்வொன்றாக அடுக்கினேன். அது வரம்புச் சுமைக்குச் சமம். அடியில் நிறுத்திய இரும்பு அளவுகோலில் தட்டின் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் இறங்குவது தெரிந்தது. மூட்டைகளை இறக்கியதும் பழைய கோட்டுக்கே திரும்பிவிட்டது. நிரந்தர வளைவு ஏதுமில்லை என்பதுதான் வரம்புச் சுமையில் நாம் எதிர்பார்ப்பது.

இங்கே ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். தட்டு பறக்கும் சுமைகளைத் தாங்க வேண்டுமே ஒழிய, பாறையைப் போல எதற்கும் அசையாததாக இருக்கக் கூடாது. விமானம் செங்குத்தாகத் தரையில் மோதும்போது உடலின் வேகத்தைக் கரைப்பதற்குத் தூரம் தேவை. அந்தத் தூரத்தைத் தரக்கூடியவை தரையிறங்கு சக்கரம், உடலின் அடிப்பகுதி, இருக்கைத் தட்டு ஆகிய மூன்றும்தான். தட்டு சீராக நசுங்கி 10 சென்டிமீட்டர் கீழே இறங்க இடமிருந்து, அந்தத் தூரம் முழுவதும் சராசரியாக 15 ஜி தடையைக் கொடுத்தால், நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தை அது மட்டுமே விழுங்கிவிடும். விமானி பழகிய அளவில் சொன்னால் நிமிடத்துக்கு 1,000 அடிக்குச் சற்று அதிகமான இறக்க வேகம். அதே 10 சென்டிமீட்டர் இடத்தில் ஒரு கருவிப் பெட்டியையோ பேட்டரியையோ வைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு அப்படியே காணாமல் போகிறது. ராபின்சன் ஆர்22, ஆர்44 ஹெலிகாப்டர்களில் இருக்கைக்கு அடியில் பொருள் வைக்கும் அறை உண்டு. ஆனால் மோதலில் இருக்கை நசுங்கி இறங்குமாறு வடிவமைக்கப்பட்டிருப்பதால், கடினமான பொருள்களை அங்கே வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். சொந்த விமானத்தில் காலி இடத்தைக் கண்டால் எதையாவது திணிக்கத் துடிக்கும் கை நமக்கெல்லாம் உண்டு. என் தட்டுக்கு அடியில் இப்போது காற்று மட்டுமே இருக்கிறது.

இனி மெத்தைக்கு வருவோம். ஆளை ஏமாற்றும் பகுதி இதுதான். கடையில் அமர்ந்து பார்க்கும்போது மிருதுவான ஃபோம் சுகமாகவே இருக்கும்; ஒரு மணி நேரத்தில் அது முழுதும் அமுங்கி, இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளும் நேராகத் தகட்டில் உட்கார்ந்துவிடும். மோதலில் அது செய்வது இன்னும் மோசம். விமானமும் தட்டும் வேகமிழந்து நிற்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், மிருதுவான ஃபோம் எந்தத் தடையும் தராமல் உடலைக் கீழே இறங்க விடுகிறது. ஃபோம் முடிந்து உடல் தட்டில் இடிக்கும்போது தட்டு ஏற்கனவே பெருமளவு வேகமிழந்திருப்பதால், உடலில் மிச்சமிருக்கும் வேகமெல்லாம் ஒரே இடியாக முதுகெலும்பில் இறங்குகிறது. வெறும் தகட்டில் அமர்ந்திருந்தால் விழுந்திருக்கக்கூடிய விசையைவிட இது அதிகமாகவும் இருக்கலாம். தடிமனான மெத்தை அதிகப் பாதுகாப்பு என்று நினைப்பவரிடம் இதை விளக்கிப் புரியவைப்பது எளிதல்ல. கேட்டுவிட்டு மறுபடியும் அதே ஃபோமைத்தான் தொட்டு அமுக்கிப் பார்ப்பார்கள்.

இதற்கு மாற்று, மெதுவாக அமுக்கினால் வளைந்துகொடுத்து, வேகமாக அடித்தால் இறுகிவிடும் ஃபோம். 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளை மனதில் வைத்தே உருவாக்கப்பட்ட டெம்பர் ஃபோம்தான் இந்த வகையின் மூலம். இன்று மெமரி ஃபோம் என்று தலையணைக் கடைகளில் விற்பது அதன் மலிவான உறவுக்காரர். விமான வேலைக்குக் கிடைக்கும் கான்ஃபார் ஃபோமில் நிறத்தை வைத்தே இறுக்கத்தைச் சொல்லலாம்: பச்சை கெட்டியானது, நீலம் நடுத்தரம், இளஞ்சிவப்பு மிருது. நான் அடியில் ஓர் அங்குலப் பச்சையும் அதன் மேல் ஓர் அங்குல நீலமும், மேலே அரை அங்குல இளஞ்சிவப்பும் வைத்தேன். மின்சாரத்தில் ஓடும் இறைச்சிக் கத்தி இதை அல்வாத் துண்டு போல வெட்டித் தருகிறது. சாதாரணக் கத்தரியோ பிளேடோ விளிம்பைக் கிழித்துவிடும். அடுக்குகளை ஒட்டும்போது முழுப் பரப்பிலும் பசை தெளித்தால் நடுவே ஒரு கெட்டித் தோல் உருவாகி ஃபோமின் இயல்பையே கெடுத்துவிடும் என்பதால், ஓரங்களில் மட்டும் ஒட்டுவது போதுமானது. இந்த ஃபோமுக்கு ஒரு குணக்கேடும் உண்டு. குளிரில் அது இறுகிப்போகிறது; பனிக்காலக் காலையில் ஹேங்கரைத் திறந்து உட்கார்ந்தால் பலகையில் அமர்ந்தது போலத்தான் இருக்கும், உடற்சூடு ஏற ஏறத்தான் அது நம் வடிவத்துக்கு இணங்கி வரும்.

ஆக, மூன்று மணி நேரம் சுகமாக அமர வைப்பது ஃபோமின் மென்மை அல்ல, அடியிலுள்ள வடிவம்தான். 1979 டிசம்பரில் அமெரிக்க விமானி டிக் ரூட்டன், லாங்-இஇசட் என்ற சிறு விமானத்தில் 33 மணி நேரத்துக்கும் மேலாகத் தரையிறங்காமல் பறந்தார். அந்த விமானத்தில் விமானி பின்னோக்கி நன்றாகச் சாய்ந்து அமர்கிறார். எடை தொடையிலும் முதுகிலும் விரிந்து பரவுவதால் இரண்டு எலும்பு முனைகள் மட்டும் எல்லாவற்றையும் சுமப்பதில்லை. என்னுடைய விமானத்தில் அவ்வளவு சாய இடமில்லை என்றாலும், தட்டின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, முதுகுத் தாங்கியைச் சாய்த்து, இடுப்பு வளைவுக்கு ஒரு மேட்டைக் கொடுத்தபோது வித்தியாசம் உடனே தெரிந்தது. இவற்றையெல்லாம் அலுமினியத்தில் தீர்மானிக்கக் கூடாது. ஒட்டுப்பலகையில் மாதிரி ஒன்றைச் செய்து, பெடலும் ஸ்டிக் என்ற கட்டுப்பாட்டுத் தண்டும் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டைகளை அறைந்து, தலையில் ஹெட்செட்டோடு ஒரு முழுத் திரைப்படத்தை அதில் உட்கார்ந்து பார்த்தால், எந்த இடம் வலிக்கிறது என்பதை உடலே சொல்லிவிடும்.

நான் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. என் மனைவி ஐந்தடி. எனக்கு எந்தக் குறையும் தெரியாத மாதிரியில் அவள் பத்து நிமிடம் அமர்ந்துவிட்டு, "முட்டிக்குப் பின்னால ஏதோ அறுக்குதுங்க, காலு மரத்துப் போகுது" என்றாள். தட்டின் நீளம் அவளுடைய தொடைக்கு அதிகம். முன் விளிம்பு முழங்கால் மடிப்பில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. முன் விளிம்பைக் கீழ்நோக்கி உருட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் செருகும் ஒரு கூடுதல் மெத்தையையும் செய்ததில் இருவருக்கும் பொருந்தியது. தொடைகளுக்கு நடுவே ஃபோமைத் தாழ்வாக வெட்டியதற்குக் காரணம் வேறு: ஸ்டிக்கை முழுவதுமாகப் பின்னுக்கும் இரு பக்கமும் இழுக்கும்போது மெத்தையோ தொடையோ தடுக்கக் கூடாது. இதைத் தரையில், பெல்ட்டை இறுக்கிக் கட்டிய நிலையில், தடித்த கால்சட்டையோடு சோதித்துப் பார்க்க வேண்டும். ஃபோம் உயரம் கூடினால் கேனபி என்ற கண்ணாடி போன்ற மேல்மூடிக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி அதே அளவு குறையும் என்பதையும், கண் மட்டம் மாறினால் தரையிறங்கும்போது மூக்குக்கு மேலே தெரியும் காட்சியும் மாறும் என்பதையும் இங்கேயே சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெல்ட்டின் கோணம் பலர் கவனிக்காத இடம். இடுப்புப் பெல்ட் விமானத்தின் நீள அச்சுக்கு 45 முதல் 55 டிகிரி கோணத்தில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அதைவிடப் படுக்கையாக இருந்தால் மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவி, இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறிவிடும். தோள் பெல்ட் தோளிலிருந்து பின்னோக்கிக் கிடைமட்டமாகவோ அதற்கு மேல் 30 டிகிரி வரையிலோ செல்வது உகந்தது, கீழ்நோக்கி 5 டிகிரிக்கு மேல் கூடாது. முதுகுத் தாங்கிக்குப் பின்னால் தரையிலேயே வசதியாக ஒரு ரிப் கிடைக்கிறது என்று தோள் பெல்ட்டை அங்கே கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் 40 டிகிரி கீழ்நோக்கி இறங்கி, அதில் 400 கிலோ இழுவிசை வந்தால், சுமார் 257 கிலோ தோள்வழியாக முதுகெலும்பை நேராக நசுக்கும். ஃபோமில் நாம் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். இணைப்பில் போல்ட் பலவீனமான கண்ணி அல்ல. விமானங்களுக்கான 3/16 அங்குல ஏ.என். 3 போல்ட், ஒரே இடத்தில் குறுக்காக வெட்டும் விசையை 2,125 பவுண்டு வரை தாங்கும். கிழிவது மெல்லிய தகடுதான். துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை துளை விட்டத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும், பெல்ட்டின் உலோகக் காது இழுக்கும் திசைக்குத் தானாகத் திரும்பும்படி தளர்வாகவும் இருக்க வேண்டும். கால்களுக்கு நடுவே வரும் ஐந்தாவது பெல்ட்டுக்காகத் தட்டில் துளையிட்டால், அந்த இடத்தில் ஒரு கூடுதல் தகட்டை ரிவெட் அடித்து வலுப்படுத்துவது அவசியம்.

இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தை நான் வைக்கவே இல்லை. செஸ்னாவின் ஒற்றை எஞ்சின் விமானங்களில் தேய்ந்த தண்டவாளத்தின் பூட்டு விலகி, மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னுக்குச் சரிய, விமானி பிடித்திருந்த கட்டுப்பாட்டையும் சேர்த்து இழுத்துவிடும் ஆபத்து நன்கு அறியப்பட்ட ஒன்று, 1987இல் எஃப்.ஏ.ஏ. அதற்காகவே கட்டாயப் பரிசோதனை உத்தரவு பிறப்பித்தது. இருக்கையை அசையாமல் வைத்துப் பெடல்களை நகர்த்துவது எடையையும் குறைக்கிறது, கவலையையும் குறைக்கிறது.

மேலுறைக்குக் கம்பளி கலந்த துணியைத் தேர்ந்தெடுத்தேன். குமிழி கேனபிக்கு அடியில் வெயிலில் நின்ற ரெக்சின் உறையில் அரைக்கால்சட்டையோடு ஒருமுறை அமர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. முக்கியமானது தீ. பயணிகள் விமானத் துணிக்கான சோதனையில், செங்குத்தாகத் தொங்கவிட்ட துண்டுக்கு 12 நொடி சுடர் காட்டி எடுத்த பின், அது 15 நொடிக்குள் அணைய வேண்டும், எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, சொட்டும் துளிகள் 5 நொடிக்குள் அணைய வேண்டும். நமக்கு இது கட்டாயமில்லை. ஆனாலும் துணி, ஃபோம், நூல், பசை எல்லாம் சேர்த்துத் தைத்த ஒரு துண்டை வீட்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக நின்று கொளுத்திப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். தனித்தனியாகத் தேறும் பொருள்கள் சேர்ந்து எரியும்போது வேறு விதமாக நடந்துகொள்வதுண்டு. மலிவான பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும்.

கடைசியாக எடைக் கணக்கு. மெத்தையில் ஆள் அமர்ந்து ஃபோம் அமுங்கிய பிறகு, உடலின் எடை மையம் வரைபடத்தில் குறித்த இடத்திலேயே இருப்பதில்லை; சாய்வு மாறினால் அதுவும் பின்னுக்கு நகர்கிறது. எனவே விமானத்தைத் தராசுகளில் ஏற்றும் நாளில், மெத்தைகளைப் போட்டு, நான் அமர்ந்த நிலையிலும் அமராத நிலையிலும் தனித்தனியாக எடை எடுத்து, அந்த வித்தியாசத்திலிருந்து, எடைக் கணக்கின் தொடக்கக் கோட்டுக்கும் இருக்கைக்கும் உள்ள உண்மையான தூரத்தைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதப் போகிறேன். பின்னால் செருகும் மெத்தையோடு என் மனைவி அமரும் நிலைக்குத் தனி எண் வேண்டும் என்பதால், அன்று அவளும் ஹேங்கருக்கு வர வேண்டியிருக்கும்.