இந்த வரிகள் யாருடையவை?

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் பல வருடங்களாக வேலை பார்த்ததில் எனக்குப் பட்டது இது: நிரலில் வரும் பிழையைச் சரிசெய்ய எப்படியும் ஆள் கிடைத்துவிடுவார், உரிமையில் வரும் சிக்கல்தான் திட்டத்தை மாதக்கணக்கில் முடக்கிப் போடுகிறது.

நாங்கள் சிலர் பராமரிக்கும் ஒரு லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஜிபிஎல் என்ற கண்டிப்பான லைசென்ஸிலிருந்து, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்-லுக்கு மாற்ற வேண்டியிருந்தது. நம் திட்டம்தானே, லைசென்ஸ் கோப்பை மாற்றினால் முடிந்தது என்றுதான் வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் யாரும் தன் உரிமையை எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காத வரை, அவரவர் எழுதிய வரிகளின் பதிப்புரிமை அவரவரிடமே இருக்கிறது. ஆகவே யார் எந்த வரியை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் இருந்த ஒவ்வொரு பெயரையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பிளேயர்காரர்களும் 2011-12 வாக்கில் இதே வேலையைத்தான் செய்தார்கள். எங்களுக்கோ பாதி முகவரிகள் கல்லூரி மின்னஞ்சல்கள், அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. தேதிகளைப் படிக்கும் பகுதியை எழுதியவர் கிடைத்தார், ஆனால் "அப்போ நான் ஒரு கம்பெனியில இருந்தேன், அவங்களைத்தான் கேக்கணும்" என்றார். அவர் சொன்னது நியாயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, 17-வது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். அந்தக் கம்பெனியிலிருந்து பதிலே வரவில்லை. கடைசியில், பழைய நிரலைப் பார்த்தே இராத ஒருவரிடம் நிரல் சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்டுகளை மட்டும் கொடுத்து அந்தப் பகுதியைப் புதிதாக எழுத வைத்தோம்.

பதிப்புரிமையிலாவது யாரைக் கேட்பது என்று தெரிகிறது. கண்டுபிடிப்புக்குத் தரும் காப்புரிமையான பேட்டன்ட் அப்படியில்லை, நீங்களே சொந்தமாக யோசித்து எழுதியதும் மாட்டிக்கொள்ளலாம். எழுத்துருக்களைத் திரையில் வரையும் கட்டற்ற லைப்ரரியான ஃப்ரீடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன அளவில் எழுத்துகளைத் தெளிவாகக் காட்டும் ட்ரூடைப் பைட்கோடை (எழுத்துருவுக்குள்ளேயே வரும் குறிப்புகள்) இயக்கும் நிரல் அதற்குள்ளேயே இருந்தது, ஆனால் ஆப்பிளின் பேட்டன்ட்டுகளால் கான்ஃபிகரேஷன் கோப்பில் அந்த ஒற்றை வரியை கமென்ட் போட்டு அணைத்து வைத்திருந்தார்கள். 2010 மே மாதம் அவை காலாவதியாயின, ஜூலையில் வந்த 2.4 பதிப்பில் அது இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. எழுதி முடித்த நல்ல நிரல் அத்தனை வருடம் சும்மா கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நம் நாட்டில் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் பேட்டன்ட் தராது. 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது, 2005-ல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. நல்ல முடிவு. ஆனால் நம் நிரலை அமெரிக்காவிலும் இறக்கிப் பயன்படுத்துகிறார்களே, அங்கே இந்தப் பிரிவு செல்லாது. அதனால்தான் புதிய திட்டம் தொடங்குபவர்களுக்கு அப்பாச்சி 2.0 லைசென்ஸைச் சொல்கிறேன்: பங்களிப்பவர் தன் பங்களிப்புக்குத் தொடர்புள்ள பேட்டன்ட்டுக்கும் சேர்த்தே அனுமதி தருகிறார், அந்த மென்பொருள் தன் பேட்டன்ட்டை மீறுகிறது என்று யாராவது வழக்குப் போட்டால் அதில் அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் அனுமதி போய்விடும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2004-லிருந்து, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் (அனுப்பும் நிரல் மாற்றம்) ஒரு வரி போட்டுப் பெயர் எழுதுகிறார்கள். நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். அப்புறம், ஐடி கம்பெனியில் இருப்பவர் என்றால் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் சிலவற்றில் வீட்டில் உட்கார்ந்து எழுதுவதும் கம்பெனிக்கே என்று இருக்கும். அப்படி இருந்தால் மேனேஜரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வர வேண்டும். கடிதம் வராதவர்களின் பேட்ச்சுகள் சில இப்போதும் சேர்க்கப்படாமல் காத்திருக்கின்றன. அதில் ஒன்று ரொம்ப நாளாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பது, ஆனாலும் கடிதம் வரட்டும் என்றே வைத்திருக்கிறோம்.