அமிலம் ஊற்றினால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள்

படகு முழு வேகம் எடுத்தால் என்ஜின் சூடேறுகிறது என்று சொன்னால் போதும், எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொல்கிறார்கள்: ஹீட் எக்ஸ்சேஞ்சரை (என்ஜினுக்குள் சுற்றும் கூலன்ட் திரவத்தின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் குழாய்ப் பெட்டி) கழற்றவே வேண்டாம், கடல்நீர் போகும் வழியில் அமிலத்தைச் சுற்றவிடு. போன முறை வந்த மெக்கானிக் அதைத்தான் செய்து கூலியும் வாங்கிக்கொண்டு போனார். சூடு மட்டும் குறையவில்லை. இந்த முறை திறந்தே பார்ப்பது என்று நானே உட்கார்ந்துவிட்டேன்.

கடல்நீர் வால்வை மூடி, கூலன்ட்டை வடித்தவரை தொந்தரவில்லை. எக்ஸ்சேஞ்சரின் முனை மூடிகள்தான் உயிரை வாங்கின. யாரோ ஒரு புண்ணியவான் ஓ-ரிங்கின் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மேல் சிலிக்கோனைத் தாராளமாக அப்பியிருந்தார். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓ-ரிங் அமரும் விளிம்பு கீறிப்போகும். ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் அசைக்க முடிந்தது.

திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. குழாய்களின் வாயை அடைத்துக்கொண்டு, கடல்நீர் பம்பில் சுழலும் இம்பெல்லரின் உடைந்த ரப்பர் இதழ்கள். மூடிக்குள், மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாக அனோடின் உதிர்ந்த துண்டுகள். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், ரப்பரை என்ன செய்யும்? அடைபடாத குழாய்கள் வழியாக ஓடி வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய இம்பெல்லரில் இதழ் குறைந்திருந்தால் அதைத் தேடி எடுக்காமல் புதியதை மாட்டாதீர்கள்.

உள்ளே இருக்கும் குழாய்த் தொகுப்பை உருவுமுன் அது உட்கார்ந்திருந்த திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் சில மாடல்களில் கூலன்ட்டின் வழியே அடைபடும். குழாய்களை மரக்குச்சியால் குத்தினேன். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். மிச்சமிருந்த சுண்ணாம்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசல். நுரைப்பது நின்றதும் நன்றாக அலச வேண்டும். அலுமினிய உறையில் அமிலம் படக் கூடாது.

அடுத்த கடுப்பு ஓ-ரிங். நசுங்கிய பழையதைக் காட்டி வாங்கிய புதியது, பார்வைக்கு அச்சு அசல், தடிமன் குறைவு. மூடியோரம் சொட்டியது. அந்த அலைச்சல் வீண். என்ஜின் மாடலையும் பாக எண்ணையும் சொல்லிக் கேட்டிருந்தால் கடைக்காரர் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது.

புது அனோடின் மரையில் டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள்; உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் அது வேலை செய்யும். பாதி கரைந்ததுமே மாற்றிவிட்டால் துண்டுகள் உதிர்வதும் குறையும்.

இப்போது முழு வேகத்திலும் வெப்பமானி முள் அசையவில்லை. முதல் ஓட்டம் முடிந்து என்ஜின் ஆறியபின் கூலன்ட் மட்டம் இறங்கியிருந்தது. உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறினால் அப்படித்தான் இறங்கும். நிரப்பிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் கசிவைத் தேட வேண்டியதுதான்.